பூவைச் செய்தவர், பூவைச் சூடியவர்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் தோவாளை. விடியுமுன்பே கூடிவிடும் பூச்சந்தைக்குப் பேர்பெற்ற ஊர். அரளிப்பூவையும் நொச்சியிலையையும் மடித்து வரிசை பிடித்துக் கட்டும் மாலைக்கு அங்கே மாணிக்கமாலை என்று பெயர். 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எட்ட நின்று பார்க்கிறவருக்குக் கல் பதித்த ஆரமாகத் தெரியவேண்டும், அதுதான் அந்தக் கைவேலையின் நோக்கம். நாகர்கோவிலுக்குள்ளேயே இருக்கும் வடசேரியில் இதற்கு நேர்மாறான தொழில் நடக்கிறது. வெள்ளித் தகட்டை வெட்டி வளைத்து, அரக்கு நிரப்பி, கெம்புக்கல்லைப் பதித்து, அதைச் சுற்றித் தங்க ரேக்கை அழுத்தி, கல்லைப் பூவாக்குகிறார்கள் ஆசாரிகள். ராக்கொடி, சடைவில்லை, அட்டிகை, ஒட்டியாணம் என்று எதை எடுத்தாலும் எங்காவது இதழ் விரிந்திருக்கும். பூ மணியாகவும் மணி பூவாகவும் மாறிக்கொள்ளும் இந்தச் சிறிய நிலத்தில், நகையில் இருக்கும் பூவுக்கு என்ன பொருள் என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. அதற்கு இப்போது ஒரு பதில் எளிதாகக் கிடைக்கிறது. தாமரை என்றால் தூய்மை, மல்லிகை என்றால் காதல், மாங்காய் என்றால் வளம். பழைய நகைக்குள் ஒரு காதல் சேதி ஒளிந்திருக்கிறது, தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம். கேட்க இனிமையான பதில்தான். ஆனால் இந்த நாஞ்சில் நாட்டு நகைகளுக்கு அது பொருந்தவில்லை. வலிந்து பொருத்தும்போது அந்த நகைகளை அணிந்த பெண்களின் வாழ்க்கை நம் பார்வையிலிருந்து விலகிவிடுகிறது என்பதே என் வாதம்.

பூவுக்கு அகராதி எழுதும் வழக்கம் எங்கே வேர்கொண்டது என்பதை முதலில் பார்க்கவேண்டும். 1819-இல் பாரீஸில் சார்லோட் த லத்தூர் என்ற பெயரில் வெளிவந்த மலர்மொழி நூல் ஒவ்வொரு பூவுக்கும் ஓர் உணர்ச்சியை ஒதுக்கித் தந்தது. அதைப் பின்பற்றி இங்கிலாந்திலும் அப்படிப்பட்ட நூல்கள் பல வந்தன. நகைக்கடைகளும் அதே மொழியைப் பேசின. ரூபி, எமரால்டு, கார்னெட், அமெதிஸ்ட், ரூபி, டயமண்ட் என்று கற்களை வரிசையாகப் பதித்து, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டினால் 'ரிகார்டு', அதாவது அன்பு கலந்த மதிப்பு, என்று வரும்படி மோதிரம் செய்தார்கள். விக்டோரியா அரசிக்கு ஆல்பர்ட் 1839-இல் ஆரஞ்சுப்பூ வடிவில் ஒரு நகையை அனுப்பினார். 1846-இல் அந்தத் தொகுதிக்குத் தலைச்சூட்டும் வந்து சேர்ந்தபோது, அதில் பச்சை எனாமல் பூசிய நான்கு சிறு ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. அப்போது அவர்களுக்கு இருந்த நான்கு குழந்தைகளை அவை குறித்தன. இங்கே பூவுக்குள் காதல் இருக்கிறது என்று சொன்னால் அது உண்மை. ஆனால் அந்த உண்மை சில ஏற்பாடுகளின் மேல் நிற்கிறது. தன் துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆண் ஒருவன் வேண்டும். அவனே கடைக்குப் போய் நகையை வாங்கவேண்டும். பெறுகிறவளுக்கு எழுத்து தெரிந்திருக்கவேண்டும். இருவரும் ஒரே நூலைப் படித்திருக்கவேண்டும். நாலுபேர் முன்னால் நேராகப் பேசமுடியாத ஒரு வரவேற்பறையும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சங்கேதம் ஓடாது.

நாஞ்சில் நாட்டு வீடுகளில் நகை பிறந்த விதம் வேறு. பெண்ணுக்குக் கல்யாணம் பேசிமுடித்த பிறகோ, பேசுவதற்கு முன்பே சிறுகச் சிறுகவோ, நகை செய்யக் கொடுத்தது பெண்ணின் வீடு. எத்தனை பவுன், எத்தனை கல், சேதாரம் எவ்வளவு என்பதே ஆசாரிக்கும் வீட்டுப் பெரியவருக்கும் நடந்த பேச்சு. மாப்பிள்ளை அந்தப் பேச்சில் இல்லை. மணமகளே பல சமயம் இல்லை. அனுப்புநர் இல்லாத கடிதத்தில் காதல் எப்படி எழுதப்பட்டிருக்கும்? மருமக்கள்வழி இருந்த வேளாளர் குடும்பங்களில் நகையின் கனம் இன்னும் கூடுதல். கணவனின் சொத்து அவன் சகோதரியின் மகனுக்குப் போகும் முறையில், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைத்தது சொற்பம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் மருமக்கள்வழி மான்மியத்தில் ஒரு மனைவியின் புலம்பலாகப் பாடியது அந்த நிலையைத்தான். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வரும் வரை, காதிலும் கழுத்திலும் கிடந்த பொன்னே ஒரு பெண் தன்னுடையது என்று சொல்லக்கூடியதில் பெரும்பகுதி. தென்மாவட்டங்களில் வயதான பெண்கள் அணிந்த பாம்படத்தை நினைத்துப் பாருங்கள். அதில் பூவே கிடையாது. உருண்டையும் பட்டையும் முடிச்சுமாக முழுக்க வடிவக் கணிதம். ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு ஆக நெருக்கமாக ஒட்டிக்கிடந்த நகை, எந்தப் பூவின் உதவியும் இல்லாமலே தன் பொருளைச் சுமந்தது.

பட்டறைக்குள் போய்ப் பார்த்தாலும் இதே முடிவுதான் வலுப்படுகிறது. ஏழுகல் தோடு தமிழ்நாடு முழுக்கப் பழகிய வடிவம். நடுவில் ஒரு கல், சுற்றிலும் ஆறு. ஒரே அளவுள்ள வட்டங்களை அடுக்கும்போது, ஒன்றைச் சுற்றி இடைவெளியில்லாமல் சரியாக ஆறுதான் அமரும். ஐந்து வைத்தால் இடம் மிஞ்சும், ஏழு வைத்தால் இடம் போதாது. ஆறிதழ்ப் பூ அங்கே வந்தது கல்லின் கட்டாயத்தால். கெம்புக்கல்லைப் பட்டைதீட்டாமல் மழுங்க உருட்டித் தேய்ப்பதால் அது இதழின் புடைப்பைத் தானாகவே பெறுகிறது. முல்லைமொட்டு மாலையில் மணி நுனி கூர்ந்து அடி பருத்திருப்பது, கோர்க்கும்போது ஒன்றோடொன்று நெருங்கி வரிசை குலையாமல் நிற்பதற்கு உதவும். இதையெல்லாம் சொல்வதால் ஆசாரி பூவைப் பார்க்கவில்லை என்று ஆகாது. அவர் பூவை உற்றுப் பார்த்தார். அதன் வடிவத்தை, அடுக்கை, விளிம்பைப் பார்த்தார். பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் மரக்கூரையை அண்ணாந்து பார்க்கிறவர்கள் 90 பூக்களைக் காண்பார்கள். ஒன்று மற்றொன்றைப் போல இருக்காது என்பதே அதன் பெருமை. 90 பூவுக்கும் 90 பொருள் தேடினால் தச்சரின் மகிழ்ச்சி நமக்குப் புரியாமலே போகும். ஒன்றைச் செய்ததும் அடுத்ததை வேறாகச் செய்து பார்க்கும் கையின் ஆசை அது. வடசேரியின் இதழ்களிலும் அந்த ஆசை உண்டு.

பூவுக்கு நிலையான பொருள் ஒன்று இருந்திருந்தால் தாழம்பூ சடையில் ஏறியிருக்காது. சிவனின் முடியைக் கண்டதாகப் பிரமன் சொன்ன பொய்க்குச் சாட்சி நின்றதால் சிவபூசைக்கு ஆகாது என்று புராணம் விலக்கிய பூ அது. சுசீந்திரத்தில் சிவனும் திருமாலும் பிரமனும் ஒரே மூர்த்தியாகத் தாணுமாலயன் என்று நிற்கிறார்கள். அந்தக் கதையின் வாதியும் பிரதிவாதியும் ஒரே கருவறையில். அதே மண்ணின் மணப்பெண்ணும் நாட்டியக்காரியும் தாழம்பூ வடிவத்தைப் பின்னலில் அணிந்தார்கள். யாரும் அதைப் பொய்ச்சாட்சியின் சின்னமாக எடுத்துக்கொள்ளவில்லை. நீண்டு மடியும் அதன் மடல் சடையோடு இயைந்து இறங்குகிறது, அதன் மணம் கூந்தலுக்கு உகந்தது. பூவின் கதை ஒரு பக்கம், பூவைச் சூடுவது இன்னொரு பக்கம்.

இந்த இடத்தில் தமிழ் படித்தவர்கள் ஒரு வலுவான மறுப்பை எழுப்புவார்கள். குறிஞ்சி புணர்தல், முல்லை இருத்தல், மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிதல் என்று காதலின் ஒவ்வொரு நிலைக்கும் நிலமும் பூவும் வகுத்த மொழியில், பூவுக்குக் காதல் பொருள் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? மறுப்பு நியாயமானது, சுலபமாகத் தள்ளக்கூடியதும் அன்று. ஆனால் இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது, அந்த ஏற்பாடு ஊரறிந்தது. கவிதை கேட்கும் எவருக்கும் முல்லை என்றதும் காத்திருப்பு தெரியும். மறைக்கப்பட்டது காதலர்களின் பெயர் மட்டுமே. அகப்பாட்டில் பெயர் சுட்டக்கூடாது என்பது இலக்கணம். ஐரோப்பிய நகை செய்தியை மறைத்து ஆளை வெளிக்காட்டியது என்றால், அகப்பாட்டு ஆளை மறைத்துச் செய்தியைப் பொதுவில் வைத்தது. இரண்டாவது, அதே பூவேற்பாடு போருக்கும் உண்டு. ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, மண்ணாசைக்கு வஞ்சி. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. பகைவனுக்கும் தன் படைக்கும் யார் யாரென்று தெரியவேண்டும் என்பதற்காகவே சூடிய பூக்கள் இவை. தமிழ் மரபில் பூ அடையாளத்தை வெளியே சொல்லும் கருவி. காதல் அது சொல்லும் பல செய்திகளில் ஒன்று.

கையுறையை நினைவூட்டி இன்னும் கூர்மையாகவும் கேட்கலாம். தலைவன் தழையும் பூவும் கொண்டுவந்து தோழி வழியாகக் கொடுப்பான். ஏற்றால் இசைவு, மறுத்தால் மறுப்பு. இங்கே அனுப்புகிறவன் இருக்கிறான், பெறுகிறவள் இருக்கிறாள், செய்தியும் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆயினும் செய்தி எதில் இருக்கிறது? குறுந்தொகையின் முதல் பாட்டுக்கு உரைகாரர் சொல்லும் துறை தோழி கையுறை மறுத்தல். காந்தள் எங்கள் மலையிலேயே நிறைய இருக்கிறது என்பது அவள் சொல்லும் காரணம். காந்தளுக்கு ஓர் அகராதிப் பொருள் இருந்து அதை அவள் மறுக்கவில்லை. கொடுப்பதும் ஏற்பதும்தான் மொழி. பூ அந்தச் செயலுக்கு ஏந்தல். ஆண்டாள் கதையும் இதையே காட்டுகிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையை அவள் தான் சூடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள் என்பதே அந்தக் கதையின் உயிர். எந்தப் பூவைச் சூடினாள் என்று யாரும் கேட்பதில்லை. அவள் கூந்தலில் இருந்ததால் அந்த மாலைக்குப் பொருள் வந்தது. இன்னொரு சின்னச் சான்றும் உண்டு. திணைப்பூக்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு பழைய கோயில் நகைகளைப் பார்த்தால், குறிஞ்சியும் பாலையும் நெய்தலும் அங்கே இல்லை. இருப்பவை தாமரை, மொட்டு, மாங்காய், கொடி, அன்னம், கிளி. சங்கப் பாட்டிலிருந்து பட்டறைக்கு ஒரு சங்கேதம் இறங்கி வந்திருந்தால் அதன் தடம் இத்தனை சுத்தமாகத் துடைபட்டிருக்காது.

ஐரோப்பிய வழக்கமே இங்கு வந்திருக்கலாமே என்றும் கேட்கலாம். வந்திருக்கக்கூடிய ஊர்தான் நாகர்கோவில். லண்டன் மிஷன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே ஊன்றியது. மார்த்தா மால்ட் 1820-களில் இங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஆனால் அந்த நூல்வேலை இங்கே கூலிக்குச் செய்த வேலை. பின்னியவள் கையில் விழுந்த காசு அடிமைத்தனத்திலிருந்து சிலரை மீட்கவும் உதவியது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். பின்னலை விலைகொடுத்து வாங்கிய வீடுகளில் அதற்கு என்ன பொருள் இருந்ததோ, அது பின்னிய பிள்ளைக்கு வந்து சேரவில்லை.

அப்படியானால் நாஞ்சில் நாட்டில் பொற்பூ என்ன சொன்னது? முதலில் அது காணிக்கை. ராஜராஜன் தன் வெற்றிக்குப் பின் பொற்பூக்களால் இறைவன் திருவடியை வழிபட்டதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. அங்கேயே நகைகளின் எடையும் கல்லின் எண்ணிக்கையும் ஊர் படிக்கக் கல்லில் வெட்டப்பட்டன. வாடாத பூவை ஆண்டவனுக்குக் கொடுப்பதே தங்கப்பூவின் ஆதி வேலை. அடுத்து, அது அரசு. 1750-இல் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபருக்கு எழுதிவைத்துத் தன்னை அவர் தாசனாக்கிக்கொண்ட பிறகு, உந்தியில் தாமரை பூத்த அந்தத் தெய்வமே திருவிதாங்கூரின் அரசர். 1949 வரை அந்த ஆட்சிக்குள் இருந்த நாஞ்சில் நாட்டில் தாமரையைத் தூய்மை என்ற ஒற்றைச் சொல்லால் மூடுவது, அது தாங்கிய அதிகாரத்தை மூடுவதாகும்.

மூன்றாவதாக, அது சாதி. இதைச் சொல்லாமல் இந்த மண்ணின் நகையைப் பற்றிப் பேசுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. கீழே வைக்கப்பட்ட சாதிகளின் பெண்கள் மேலாடை அணியக்கூடாது, பொன்நகை பூணக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்த நாடு இது. தோள்சீலைக்காக 1820-களில் தொடங்கிய போராட்டம் அடியும் தீவைப்பும் கண்டு, நாடார் பெண்கள் மேலே துணியணிய அனுமதிக்கும் 1859 அறிவிப்பில்தான் ஓரளவு நின்றது. அதே திருவிதாங்கூரில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் 1915-இல் புலையர் பெண்கள், தங்கள் சாதிக்கென்று விதித்திருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அய்யன்காளி முன்னின்ற போராட்டம் அது. ஒரு பெண்ணின் கழுத்தில் கிடப்பது பொன்னா, பித்தளையா, கல்லா என்பதை வைத்தே அவள் எந்த வழியில் நடக்கலாம் என்று தீர்மானித்த ஊர்களில், கழுத்திலிருந்த பூவைத் தூரத்திலிருந்தே எல்லோரும் படித்தார்கள். அதில் ரகசியம் எதுவும் இல்லை. ரகசியமாக இருந்திருந்தால் அதைத் தடுக்கவேண்டிய தேவையே வந்திருக்காது.

ஆனாலும் இந்த நகைகளோடு காதல் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொடர்பு உண்டு, அதுவும் ஆழமானது. அது பூவின் பெயரில் இல்லை, நகையை அணிந்திருந்த உடம்பில் இருக்கிறது. சுசீந்திரம் முதலிய நாஞ்சில் நாட்டுக் கோயில்களில் தேவதாசிகள் பணிசெய்தார்கள். சுசீந்திரம் கோயிலைப் பற்றி கே. கே. பிள்ளை 1953-இல் வெளியிட்ட ஆங்கில நூல் அவர்கள் முறையை ஆராய்கிறது. தெய்வத்துக்கு மணமுடிக்கப்பட்டவள் என்று தாலி அணிந்து, தெய்வத்தின் முன் ஆடி, மனிதர்களின் ஆதரவில் வாழ்ந்தவள் அவள். மூலவருக்குச் செய்த அதே வகை நகை அவள் தலையிலும் ஏறியது. நாயகி பாவம் அவள் கலையின் பொருள். அவள் சொந்த விருப்பத்துக்கு அந்த ஏற்பாட்டில் எவ்வளவு இடம் இருந்தது என்பதை எந்த நகையும் நமக்குச் சொல்லாது. 1930-இல் சேது லட்சுமி பாயியின் ஆட்சியில் திருவிதாங்கூர் கோயில்களில் அந்த முறை நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளில், 1935-இல், சென்னையில் ருக்மிணி தேவி மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திரம் தொடங்கியது. பரதநாட்டியம் வேறு வீடுகளின் பெண்களிடம் போயிற்று. தலையில் சூரியப்பிரபையும் சந்திரப்பிரபையும் நடுவே சுட்டியும் அப்படியே நின்றன. அணிந்தவள் மாறிவிட்டாள். இன்று வடசேரிப் பட்டறைகளுக்கு வேலை தருவதில் நாட்டிய மேடையின் பங்கு பெரிது. அரங்கேற்றத்துக்கு நகை வாங்கும் குடும்பத்திடம் இது தெய்வீக மலரின் சின்னம் என்று விற்கப்படும்போது, அந்த மலரை முன்பு சூடிய பெண்ணின் பெயர் விலைச்சீட்டில் இல்லை. மறைந்த காதல் என்று ஒன்றை இங்கே தேடவேண்டுமானால், மறைத்தவர் ஆசாரி அல்லர், காதலனும் அல்லன். ஒரு சமூகம் வெட்கப்பட்டு மறைத்தது அது.

குமரி அம்மன் கதையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. கல்யாணக் கோலத்தில் காத்திருந்தாள். சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட மணவாளன், நாரதர் கூவிய பொய்க் கோழிக்கூவலில் விடிந்துவிட்டதென்று திரும்பிப் போனான். கல்யாணத்துக்கு வைத்த அரிசியும் பருப்பும் கரைமணலாயிற்று. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த காதல்கதை இது. அந்தக் கதையோடு ஊர் சேர்த்துப் பேசுவது ஒரு பூவை அல்ல, மூக்குத்தியை. அதன் ஒளியைக் கலங்கரை விளக்கமென்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதியதால் கிழக்கு வாசலைச் சாத்தினார்கள் என்பார்கள். வரலாற்றை வைத்துப் பார்த்தால் அம்மன் பழையவள். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பே குமரியில் நீராடித் துறவு பூண்டவர்களையும், அங்கு நீராடியதாகச் சொல்லப்பட்ட பெண்தெய்வத்தையும் குறிப்பிடுகிறது. மூக்குத்தி புதியது, சங்கப் பாட்டிலும் இல்லை, சோழர் செப்புத்திருமேனிகளிலும் இல்லை. காத்திருந்தவளின் கதை பல நூற்றாண்டு நகையில்லாமலே நடந்து வந்து, பிற்பாடு வந்த ஒரு வைரத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. எந்த நகை அவள் முகத்தில் ஏறியிருந்தாலும் கதை அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒரு மறுப்பு. பொருள் என்பது எல்லாக் காலத்திலும் புதிதாகப் பிறப்பது. இன்று ஒருவர் மல்லிகைமொட்டு மாலையைக் காதலுக்கு அடையாளமாகத் தன் துணைக்குக் கொடுத்தால் அதைத் தடுக்க நீ யார் என்று கேட்கலாம். தடுக்கவேண்டியதில்லை. அப்படிக் கொடுத்தால் அந்த மாலைக்கு அந்தப் பொருள் அன்றைக்கு உண்மையாகவே வந்துவிடும். கொடுப்பதில்தான் பொருள் என்று நானே மேலே சொன்னேன். நான் மறுப்பது அந்தப் பொருளை நூறு வருஷத்துக்கு முந்திய நகையின் மேல் ஏற்றி, அது அன்றே அதில் இருந்தது என்று சொல்வதை. அப்படிச் சொல்லச் சொல்ல, உண்மையான விவரங்களைச் சேர்க்கவேண்டும் என்ற எண்ணமே எழாமல் போகிறது. பழைய நகையைக் கொடுத்துப் புதியதை வாங்குவது நம் வீடுகளின் பழக்கம். உருக்கிய பொன்னில் இதழும் இருக்காது, அணிந்தவளும் இருக்கமாட்டாள். உருக்குவதற்கு முன் முன்பக்கத்தையும் அரக்கு தெரியும் பின்பக்கத்தையும் படம் எடுத்து, எந்த வீட்டில் யார் கல்யாணத்துக்கு எந்த ஊர் ஆசாரி செய்தது, யார் அணிந்தது, எத்தனை தடவை அடகுக்குப் போய்வந்தது என்று பாட்டிமார்களிடம் கேட்டு எழுதிவைக்க நாகர்கோவிலின் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகளால் முடியும். அந்த விவரங்கள் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.